படித்தவை, படிப்பவை, படிக்கப்போகிறவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறையப் படிக்கிற ஆள் என்று ஒரு பெயர் வந்துவிட்டால், கூடவே சில கேள்விகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இப்ப என்ன படிச்சிட்டு இருக்கீங்க?

எப்போது கேட்டாலும் மூன்று இருக்கும். உட்கார்ந்து படிக்க ஒரு தடித்த வரலாற்று நூல், தூங்குவதற்கு முன் ஒரு நாவல், நினைத்தபோது எடுத்து இரண்டு பக்கம் புரட்ட ஒரு கவிதைத் தொகுப்பு. நாவல் சீக்கிரம் முடியும், வரலாறு மெதுவாக நகரும். கவிதைத் தொகுப்பு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைப்புகளை இங்கே சொல்லவில்லை. சொன்னால் படிப்பவரின் கவனம் அந்தப் புத்தகங்களின் பின்னால் போய்விடும். அடுத்தவருடைய பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியவர்கள் இரண்டு மூன்று புத்தகங்களிலேயே களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு புத்தகம் எப்படி என் கைக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கானதை நீங்களே தேடிக்கொள்ளலாம்.

படிச்சது, படிக்கிறது, படிக்கப்போறதுன்னு மூணு பட்டியல் எதுக்கு? ஒண்ணு போதாதா?

ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் படித்து முடித்தவற்றின் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாக, படிக்கப்போவதை மட்டும் எழுதிவைத்துவிட்டு, படித்ததை எங்கேயும் குறிப்பதில்லை. போன வருஷம் படித்த நல்ல புத்தகத்தின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் படுத்துவது அதனால்தான்.

இது புதுப் பழக்கமும் இல்லை. சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை இதற்கென்றே குறிப்பேடுகள் வைத்திருந்தார். படிக்க வேண்டியவை தனியாக, படித்தவை தனியாக. பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 முதல் தான் படித்த புத்தகங்களை வரிசையாகக் குறித்துவருகிறார். மூன்றாவது பட்டியல், அதாவது இப்போது படிப்பவை, உண்மையில் பட்டியலே இல்லை. அதில் மூன்று நான்கு பெயர்களுக்கு மேல் சேர்ந்தால் எதையோ படிக்காமல் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

நோட்டுல எழுதுறதா, ஆப்ல போடுறதா?

எது உங்கள் கைக்கு முதலில் அகப்படுமோ அது. படித்த புத்தகங்களைப் பட்டியலிட்டு வைக்கும் இணையத் தளங்களில் லைப்ரரிதிங் 2005இலும் குட்ரீட்ஸ் 2007இலும் வந்தன. பிறகு இன்னும் பல வந்திருக்கின்றன. தேடுவதற்கும் எண்ணுவதற்கும் இவை வசதி. ஆனால் எந்தச் செயலியாக இருந்தாலும் பட்டியலை ஒரு கோப்பாக வெளியே இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். நிறுவனங்கள் கைமாறும், மூடப்படும். இருபது வருஷப் பட்டியல் அதோடு போய்விடக் கூடாது. இன்னொரு சிக்கல், தமிழ்ப் புத்தகங்கள் பல அங்கே இருக்காது, அல்லது ஒரே புத்தகம் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் என்னென்ன குறிக்கணும்?

தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்ப்பாளர், முடித்த தேதி, நினைவில் நின்றது பற்றி ஒரு வரி. இவ்வளவு போதும். நட்சத்திர மதிப்பீடு எனக்குப் பிடிக்காது. நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பதைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் ஏன் ஐந்து இல்லை என்று விளங்காது. "நடுவில் தொய்வு, கடைசி அத்தியாயத்துக்காகவே படிக்கலாம்" என்று எழுதியிருந்தால் விளங்கும்.

பல பதிப்புகள் உள்ள நூலாக இருந்தால், ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணையும் குறித்துக்கொள்வது உதவும். 2007க்கு முன் 10 இலக்கமாக இருந்த அது இப்போது 13 இலக்கம். ஒரே நாவலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கும் சாதா அட்டைப் பதிப்புக்கும்கூட எண் வேறு. ஆகவே எந்தப் பதிப்பைப் படித்தோம் என்ற குழப்பம் வராது. பழைய புத்தகங்களில் இந்த எண் இருக்காது. பதிப்பகம், பதிப்பு ஆண்டு போதும்.

ஒரே நேரத்துல மூணு புத்தகம் படிச்சா குழம்பாதா?

மூன்றும் நாவலாக இருந்தால் குழம்பும். ஒன்றின் மாமா இன்னொன்றின் கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். வகை வேறாக இருந்தால் குழப்பம் வராது, படிக்கிற இடமும் நேரமும் வேறாக இருந்தால் இன்னும் நல்லது. என் மூன்றும் அந்தக் கணக்கில்தான் பிரிந்திருக்கின்றன. உங்களுக்கு ஒன்று முடித்துத்தான் அடுத்தது என்ற பழக்கம் சரியாக வருகிறதென்றால் அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு புத்தகத்தைப் பாதியில விட்டா தப்பா?

தப்பே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருடைய குரல் தாழ்ந்துவிடுகிறது, ஏதோ குற்றம் செய்ததுபோல. நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள். வயது 50ஐத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். 70 வயதுக்காரர் 30 பக்கத்தோடு விடலாம். வயது ஏற ஏறப் பொறுமைக்கான கடமை குறைகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று இழுத்துக்கொண்டு படிப்பவர்கள் உண்டு. அந்தக் காசு போனது போனதுதான், மீதி 300 பக்கத்தைப் படித்தால் திரும்பி வராது. அதோடு, படிக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் மாதக்கணக்கில் கிடக்கிற ஒரு புத்தகம் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இரண்டு மாதமாக எதுவுமே படிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், எந்தப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

விட்டதை எந்தப் பட்டியல்ல சேர்க்கிறது?

படித்தவற்றில்தான், "பக்கம் 112இல் விட்டது" என்ற குறிப்போடு. ஏன் விட்டோம் என்று நாலு வார்த்தை எழுதிவைத்தால் பிறகு அதுதான் அதிகம் உதவும். அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

வேகமா படிக்கக் கத்துக்கிட்டா நிறைய படிக்கலாம்ல? நிமிஷத்துக்கு ஆயிரம் வார்த்தைன்னு எல்லாம் சொல்றாங்களே?

சொல்வார்கள். வரிக்கு வரி படித்துப் புரிந்துகொள்ளும் வேகம் அவ்வளவு வராது. ஆங்கிலத்தில் மௌன வாசிப்பு பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் மார்க் பிரிஸ்பார்ட் தந்த சராசரி: கட்டுரை நூல்களுக்கு நிமிஷத்துக்கு 238 வார்த்தை, கதைகளுக்கு 260. வேக வாசிப்புப் பயிற்சிகளைப் பற்றிக் கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் 2016இல் எழுதிய விரிவான மதிப்பாய்வின் முடிவு, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்பதுதான். கண் ஒரு வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கால் நொடி போல ஆகிறது, அந்த நிறுத்தத்தில் தெளிவாகத் தெரிகிற எழுத்துகளும் கொஞ்சம்தான். அதோடு, தடை பெரும்பாலும் கண்ணில் இல்லை, மொழியைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. அந்தத் துறையில் ஏற்கனவே தெரிந்த விஷயம் அதிகமாக இருந்தால் தானாகவே வேகம் வரும்.

ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே போடவும் முடியாது. ஆங்கிலத்தில் நாலு வார்த்தையில் சொல்வது தமிழில் வேற்றுமையும் விகுதியும் ஒட்டி ஒரே சொல்லாக வந்துவிடும். உங்கள் வேகம் தெரிய வேண்டுமென்றால் பக்கக் கணக்கு எடுங்கள். கடிகாரம் வைத்து அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். 15 பக்கம் வந்தால் 300 பக்க நூலுக்குப் பத்து மணி நேரம். தினம் அரை மணி என்றால் இருபது நாளில் முடியும். எல்லாப் புத்தகமும் இந்தக் கணக்குக்கு அடங்காது, ஆனால் "நேரமே இல்லை" என்ற மலைப்பு கொஞ்சம் குறையும்.

படிச்சது எல்லாம் மறந்து போயிடுது. அப்புறம் படிச்சு என்ன பிரயோஜனம்?

மறப்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தன்னையே சோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து அளந்து பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது; அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. அர்த்தமுள்ள விஷயம் அதைவிட நன்றாக நிற்கும். என்றாலும் முதல் சில நாட்களில்தான் இழப்பு அதிகம் என்ற பாடம் புத்தகத்துக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்? படித்த பகுதியை மறுபடி மறுபடி பார்ப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதுங்கள். வராவிட்டால் திறந்து பார்க்கலாம். முடித்த அன்று எழுதும் அந்த ஒரு வரியும் இதே வேலையைச் செய்கிறது.

நாவலுக்கு இதெல்லாம் வேண்டாம். கதாபாத்திரங்களின் பெயர் மறந்தாலும் அந்தப் புத்தகம் படித்த நாட்கள் எப்படி இருந்தன என்பது நினைவில் இருக்கும். எனக்கு அது போதும். தேர்வா எழுதப்போகிறோம்?

அடிக்கோடு போட்டுப் படிச்சா நினைவில் நிற்குமா?

கோடு போடுவதால் மட்டும் நிற்காது. படிப்பு உத்திகளை ஒப்பிட்டு டன்லாஸ்கி குழுவினர் 2013இல் வெளியிட்ட மதிப்பாய்வில் அடிக்கோடு கீழ்வரிசையில்தான் இருந்தது. தேடி எடுக்க ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நான் பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இழுப்பேன், கடைசிப் பக்கத்தில் பக்க எண்ணோடு எதற்காக என்று எழுதிவிடுவேன். இரவல் புத்தகத்தில் அதுவும் கிடையாது.

கிண்டில்ல படிச்சா மனசுல பதியாதாமே?

பாதி உண்மை. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, மொத்தம் 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தவை, தெல்காதோ குழுவினர் 2018இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தகவல் நூல்களில் காகிதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் புரிதல் இருந்தது, நேர நெருக்கடியோடு படிக்கும்போது வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் நாவலைத் திரையில் தயங்காமல் படிக்கலாம். முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க வேண்டிய, வரைபடமும் அட்டவணையும் உள்ள நூலுக்குக் காகிதம் வசதி. ஆனால் கைபேசியில் படிப்பதும் கிண்டில் போன்ற கருவிகளின் மின்மைத் (இ-இங்க்) திரையில் படிப்பதும் ஒன்றில்லை. கைபேசியில் புத்தகத்துக்கு மேல் வந்து விழுகிற அறிவிப்புகள்தான் பெரிய தொந்தரவு.

ஆடியோ புத்தகம் கேட்டா அதைப் படிச்ச கணக்குல சேர்க்கலாமா?

சேர்க்கலாம், "கேட்டது" என்று குறித்துவிட்டு. கேட்டல், வாசித்தல் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பொதுவான புரிதலில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. சொல்லாமல் விட்டதை ஊகித்துப் புரிந்துகொள்ள வேண்டிய இடத்திலும், தன் வேகத்தில் நின்று நிதானித்துப் போக வேண்டிய இடத்திலும் கண்ணால் படிப்பவருக்குக் கை ஓங்குகிறது. நல்ல குரல் வாய்த்தால் நாவலைக் கேட்பது தனிச் சுகம். தத்துவ நூலைக் கேட்டுப் பார்த்தேன், ஒரே அத்தியாயத்தை மூன்று தடவை ஓட்ட வேண்டியிருந்தது.

படிக்கப்போற பட்டியல் நீண்டுகிட்டே போகுது. பார்த்தாலே பயமா இருக்கு. என்ன பண்றது?

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 25 புத்தகம் படிப்பவர் 40 வருஷத்தில் 1,000 படிப்பார். பட்டியலில் 400 இருந்தால் அது 16 வருஷ வேலை, அதுவும் நடுவில் புதிதாக ஒன்றுகூடச் சேர்க்காமல் இருந்தால். இந்தக் கணக்கைப் பார்த்துச் சிலர் சோர்ந்துபோவார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றையும் படிக்க முடியாது என்பது கணக்கிலேயே தெரிந்துவிட்டால், பட்டியலைக் கடன் பத்திரம்போல் வைத்துக்கொண்டு கவலைப்பட வேண்டியதில்லை. அது ஆசைகளின் பட்டியல், அவ்வளவுதான்.

ஆனாலும் அது பயன்பட வேண்டுமென்றால் ஒரு காரியம் செய்ய வேண்டும். பெயரைச் சேர்க்கும்போதே யார் சொன்னது, எதற்காகச் சேர்த்தோம் என்று பக்கத்தில் எழுதுங்கள். "பஞ்சம் பற்றிய அந்த நூலின் அடிக்குறிப்பில் மூன்று தடவை வந்தது" என்பது காரணம். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதும் காரணம்தான், ஆனால் ஆறு மாதத்தில் அதன் சூடு ஆறிவிடும். எப்போதாவது உட்கார்ந்து பட்டியலை மேலிருந்து கீழே பாருங்கள். இன்று புதிதாக ஒருவர் இதைச் சொன்னால் சேர்ப்பேனா என்று ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். மாட்டேன் என்றால் அடித்துவிடலாம். பின்னால் வேண்டுமென்றால் அது வேறு வழியில் திரும்பி வரும். நல்ல புத்தகங்களின் பெயர் ஒரு தடவையோடு காதில் விழுந்து நின்றுவிடுவதில்லை.

வாங்கி வெச்சதே படிக்காம அடுக்கி இருக்கு. வாங்குறதை நிறுத்திடணுமா?

பணமும் இடமும் உங்களுடையது, நான் என்ன சொல்ல? ஒன்று மட்டும்: சில நூல்கள் அச்சில் கிடைக்கும்போதே வாங்கி வைக்க வேண்டியவை, சில எப்போது வேண்டுமானாலும் கிடைப்பவை. குறைந்த பிரதிகளே அச்சாகிற ஆய்வு நூலையும் மொழிபெயர்ப்பையும் கண்டால் விடாதீர்கள். வருஷா வருஷம் மறுபதிப்பு வருகிற நாவலுக்கு அவசரம் வேண்டாம். காப்புரிமை தீர்ந்த பழைய தமிழ் நூல்களுக்கு அவற்றை இணையத்தில் ஏற்றி வைக்கும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை முதலில் பார்க்கலாம், இலவசம்.

அடுத்து எதைப் படிக்கணும்னு எப்படித் தேர்ந்தெடுக்கிறீங்க?

படிக்கப்போகும் பட்டியலை வைத்து இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். படித்த பட்டியலின் கடைசிப் பத்துப் பெயர்களைத்தான் பார்ப்பேன். அதில் ஏதாவது ஒரு கேள்வி பதில் இல்லாமல் நிற்கும். வரலாற்று நூல் ஒன்று உப்பு வணிகத்தைப் பற்றி ஒரே பத்தியில் சொல்லிவிட்டுப் போயிருக்கும், அதன் பின்னிணைப்பில் நாலு நூல்கள் இருக்கும். ஒரு மொழிபெயர்ப்பாளரின் நடை பிடித்திருந்தால், அவர் வேறு எதையெல்லாம் மொழிபெயர்த்திருக்கிறார் என்று தேடுவேன். தெரியாத ஆசிரியர்களிடம் கொண்டுபோய் விட இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பாதியில் விட்டவற்றின் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. விட்டவை எல்லாமே ஒரே மாதிரி இருந்தால், உதாரணமாக எல்லாமே சுயமுன்னேற்ற நூல்கள் என்றால், பரிந்துரை யாரிடமிருந்து வந்தாலும் அந்த வகையை இனிமேல் தொட வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு 50, 100ன்னு சவால் வெச்சிப் படிக்கலாமா?

படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு ஒரு வருஷம் உதவும். அதன் பிறகு எண்ணிக்கை புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும். டிசம்பரில் எல்லோரும் நூறு பக்க நூல்களாகத் தேடுவது அதனால்தான். 900 பக்க நாவலும் 90 பக்கக் குறுநாவலும் ஒன்று என்று எண்ணுகிற கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கதையோட முடிவு முன்னாடியே தெரிஞ்சிட்டா படிக்கிறதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதையின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள் சராசரியாக அதை இன்னும் அதிகமாக ரசித்தார்கள், துப்பறியும் கதைகளைக்கூட. என் அனுபவத்தில் துப்பறியும் கதைக்கு இது ஒத்துவரவில்லை, அது என் சுபாவம். ஆனால் செவ்வியல் நாவல்களின் முன்னுரையைக் கடைசியாகப் படியுங்கள். முழுக் கதையையும் அங்கேயே சொல்லிவிடுவது முன்னுரை எழுதுபவர்களின் வழக்கம்.

திரும்பப் படிச்சதைப் புதுசா எண்ணலாமா?

எண்ணுங்கள். தேதி வேறு, ஆள் வேறு. பழைய ஒருவரிக் குறிப்பைப் படித்து முடிக்கும்வரை பார்க்காதீர்கள். புதிதாக ஒன்று எழுதிவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிடிக்கலைன்னா விடுங்கன்னு சொல்றீங்க. அப்ப கஷ்டமான புத்தகத்தை யாரும் படிக்கவே முடியாதே?

நியாயமான மடக்கல். 50 பக்க விதி சலிப்புக்குப் பொருந்தும், சிரமத்துக்கு அப்படியே பொருந்தாது. இரண்டும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி தெரிவதுதான் பிரச்சினை. நான் வைத்திருக்கும் சோதனை இது: ஒரு பத்தியை மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு, இரண்டாம் முறை படிப்பேன். முதல் தடவை தெரியாத ஏதாவது இரண்டாம் தடவை தெரிந்தால் அது கடினமான புத்தகம், தொடரலாம். இரண்டாம் தடவையும் அதே வெறுமை என்றால் எனக்கானது இல்லை, அல்லது எனக்கு இன்னும் நேரம் வரவில்லை.

கடினமான நூலுக்குத் துணை நூல் எடுத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். சங்கப் பாடல்களை உரையில்லாமல்தான் படிப்பேன் என்று அடம்பிடிப்பவர் யாரும் இல்லையே. தினம் ஐந்து பக்கம் என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இலகுவான ஒரு நாவலையும் ஓட்டுங்கள். மூன்று புத்தகம் வைத்திருப்பதன் உண்மையான பலன் இங்கேதான்.

நண்பர் எழுதின புத்தகம், பரிசா வந்த புத்தகம், இதையெல்லாம் படிக்கலைன்னா எப்படிச் சமாளிக்கிறது?

பரிசாக வந்ததை முதல் வாரத்திலேயே இருபது பக்கம் படித்துவிட்டு, படித்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். கொடுத்தவருக்குப் பெரும்பாலும் அது போதும். அதன் பிறகு அது மற்றப் புத்தகங்களைப் போலத்தான், பிடித்தால் தொடரும்.

நண்பர் எழுதியதென்றால் முழுக்கப் படித்துவிடுங்கள், 50 பக்க விதி அங்கே செல்லாது. பிடிக்கவில்லை என்றால் பிடித்த ஒரு அத்தியாயத்தைத் தேடி அதைப் பற்றி மட்டும் விவரமாகப் பேசுங்கள். ஒன்றுமே பிடிக்கவில்லையா? அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு அரை மணி நேரமாவது ஆகும்.